கூடலூர் பக்கம் ஒரு வீட்டுத் தோட்டம்: எந்தப் பட்டர் ஃப்ரூட் ரகம் என்று முடிவு செய்த கதை

பின்னணி

நீலகிரி மாவட்டத்தில் கூடலூருக்கு மேற்கே, வயநாட்டு எல்லைக்குப் போகும் வழியில் உள்ள ஒரு சிற்றூர். உயரம் ஏறத்தாழ 1,000 மீட்டர். ஊட்டியின் உறைபனி இங்கே எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை ஆகஸ்ட் கடைசி வரை விடாது. பக்கத்திலிருக்கும் தேவாலா தமிழ்நாட்டிலேயே மழை அதிகம் பெய்யும் இடங்களில் ஒன்று. தேயிலை, காபி, மிளகு, பாக்கு, நடுவில் இஞ்சிப் பாத்தி என்று போகும் நிலம். காபித் தோட்டங்களில் நிழலுக்கும் பழத்துக்குமாக வெண்ணெய்ப் பழ மரங்கள் எப்போதோ வந்துவிட்டன. எல்லோரும் சொல்லும் பெயர் பட்டர் ஃப்ரூட்.

குடும்பத்தில் கணவன், மனைவி இருவர். அவர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவியின் பெற்றோர் 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்கள். அந்த வீட்டில் பட்டர் ஃப்ரூட் என்றால் சர்க்கரை போட்டுப் பிசைந்து சாப்பிடுவதுதான் வழக்கம். மகன் கோவையில் வேலை. இடம் மொத்தம் 14 சென்ட். வீடு, கிணறு, ஆட்டுக் கொட்டகை போக மரம் வைக்கக் கூடியது எட்டு சென்ட்டுக்குள். சாலை மேலே, ஓடை கீழே. நடுவில் சரிவு.

எந்த ரகம் நடுவது என்று பார்க்க 2017 கடைசியில் அந்த வீட்டுக்கு நான் போகத் தொடங்கியபோது வீட்டிலேயே மூன்று கருத்து இருந்தது. மகனுக்கு ஹாஸ் என்ற ரகம் மட்டும் போதும். கோவை சூப்பர் மார்க்கெட்டில் ஒரு பழம் விற்கிற விலையைப் பார்த்தவர் அவர். அப்பாவுக்கு, சாப்பிட்டது போக வியாபாரியிடம் கொடுக்கும்படி கனத்த காய்ப்பு வேண்டும். அந்த அம்மா கேட்டதுதான் உருப்படியான கேள்வி: “வருஷத்துல ரெண்டு மாசம் பழத்தை அள்ளி அள்ளிக் கொடுத்துட்டு, மிச்ச பத்து மாசம் மரத்தைப் பாத்துக்கிட்டே இருக்கணுமா தம்பி?”

சொல்லிக்கொண்டே அறுத்த ஒரு பழத்தைத் தட்டில் வைத்தார். மாதம் நவம்பர். அந்தப் பகுதியில் நாட்டு மரங்களின் அறுவடை செப்டம்பரோடு பெரும்பாலும் முடிந்துவிடும். எங்கிருந்து என்று கேட்டேன். “டீக்கடைக்குப் பின்னாடி ஒரு மரம் இருக்கு. அது எப்பவும் லேட்டுதான்.”

மகன் அனுப்பிய பட்டியல்

மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியலில் நான்கு பெயர்கள்: ஹாஸ், ஃபுவேர்ட்டே, பிங்கர்ட்டன், ரீட். நான் இரண்டைச் சேர்த்தேன். ஒன்று, கீழ்ப் பழனி மலையில் தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் தேர்ந்தெடுத்துக் கொடுத்த டி.கே.டி. 1. இன்னொன்று குடகு செட்டள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் தேர்ந்தெடுத்த அர்கா சுப்ரீம்.

பெயர்களுக்குப் பின்னால் மூன்று இனங்கள் இருக்கின்றன. மெக்சிகோ மலைப்பகுதி இனம் குளிர் தாங்கும். எண்ணெய்ச் சத்து அதிகம், பழம் சிறிது, தோல் மெலிது. குவாத்தமாலா இனத்துக்குத் தோல் தடிமன். பூத்ததிலிருந்து பறிக்க ஓராண்டுகூட ஆகும். முற்றிய பிறகும் மரத்தில் சில வாரங்கள் தங்கும். மேற்கிந்தியத் தீவு இனம் வெப்பத்தையும் உப்பையும் ஓரளவு தாங்கும். பழம் பெரிது, எண்ணெய் குறைவு, நீர்ப்பாங்கு. ஐந்து முதல் எட்டு மாதத்தில் முற்றி உதிரத் தொடங்கும். ஹாஸ் குவாத்தமாலா, மெக்சிகோ இனங்களின் கலப்பு. ஃபுவேர்ட்டேயும் அப்படித்தான். நம் மலைகளில் கொட்டை போட்டு முளைத்த மரங்கள் எல்லாம் ஏதோ ஒரு கலவை. இன்ன இனம் என்று அடித்துச் சொல்லப் போவது வீண் வேலை.

ஹாஸ் பற்றி ஒரு தகவலை மகனுக்கு அனுப்பினேன். கலிபோர்னியாவின் லா ஹாப்ரா ஹைட்ஸில் ருடால்ஃப் ஹாஸ் என்ற தபால்காரர் 1926-இல் நட்ட ஒரு கன்றுதான் உலகத்து ஹாஸ் மரங்கள் அனைத்துக்கும் தாய். 1935-இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அந்தத் தாய்மரம் 2002-இல் பட்டுப்போனது. காரணம் வேரழுகல். மழை குறைந்த கலிபோர்னியாவிலேயே அந்தக் கதி என்றால், கூடலூர் மழைக்கு முதலில் பார்க்க வேண்டியது ரகத்தையா, நிலத்தையா என்பதுதான் என் கேள்வி. மகனிடமிருந்து ஒரு கட்டைவிரல் மட்டும் பதிலாக வந்தது.

பூவைப் பார்த்தது (2018 தை, மாசி)

முடிவெடுக்க அவசரமில்லாததால் முதலில் சுற்றியுள்ள மரங்களின் பூவைப் பார்த்தோம். வெண்ணெய்ப் பழப் பூ ஒவ்வொன்றும் இரண்டு முறை திறக்கும். முதல் முறை பெண்ணாக, மறுநாள் ஆணாக. ஏ வகை மரத்தில் பூ காலையில் பெண்ணாகத் திறந்து மதியத்துக்குள் மூடும். அடுத்த நாள் மதியத்துக்கு மேல் ஆணாகத் திறக்கும். பி வகையில் மதியத்துக்கு மேல் பெண், மறுநாள் காலையில் ஆண். ஹாஸ், ரீட், பிங்கர்ட்டன் ஏ. ஃபுவேர்ட்டே பி. இரண்டு வகையும் பக்கத்தில் இருந்தால் எந்த நேரத்திலும் ஒன்றின் மகரந்தம் மற்றதற்குக் கிடைக்கும். ஒரே மரமும் காய்க்காமல் இருக்காது, ஏனென்றால் இரண்டு நிலைகளும் கொஞ்ச நேரம் ஒன்றன்மேல் ஒன்று படும். குளிரும் மேகமூட்டமும் இந்த நேரக் கணக்கைக் குழப்பவும் செய்யும். அதனால் வெயில் அடித்த நாள்களில் மட்டும் பார்த்தோம்.

பார்ப்பது கஷ்டமில்லை. பூ சுண்டுவிரல் நக அளவுதான், மஞ்சளும் பச்சையும் கலந்த நிறம். பெண் நிலையில் நடுவில் சூல்முடி வெள்ளையாகத் தனியே நிமிர்ந்து நிற்கும். ஒன்பது மகரந்தத்தாள்களும் இதழ்களோடு ஒட்டிச் சாய்ந்து கிடக்கும். ஆண் நிலையில் அந்தத் தாள்கள் எழுந்து நடுவைச் சூழ்ந்துகொள்ளும்; ஒவ்வொன்றின் நுனியிலும் மகரந்தப் பைகள் சின்னக் கதவைப் போல மேல்நோக்கித் திறந்திருக்கும். வெள்ளைக் குத்து தனியாகத் தெரிந்தால் பெண் என்று அந்த அம்மா ஒரே நாளில் பழகிக்கொண்டார். அப்புறம் காலை பத்து மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் அவரே பார்த்து காலண்டரில் குறித்து வைத்தார்.

மேல் வீட்டு மரம் ஏ. டீக்கடை மரம் பி. சர்ச் வளாகத்தில் நிற்கும் பெரிய மரமும் பி.

கொத்துக் கொத்தாகப் பூத்தாலும் ஆயிரத்தில் ஒன்றிரண்டுதான் காயாக நிற்கும். அது இயல்பு. பூ உதிர்வதைப் பார்த்து மருந்து அடிக்கக் கிளம்பிய கணவரை நிறுத்த வேண்டியிருந்தது. தேனீயும் ஈயும் வேலை செய்யும் நேரத்தில் மருந்து அடித்தால் உள்ளதும் போய்விடும்.

மழையில் குழி தோண்டிப் பார்த்தது (2018 ஜூன்)

பருவமழை பிடித்த பிறகு சரிவில் மூன்று இடங்களில் இரண்டடி ஆழத்துக்குக் குழி தோண்டச் சொன்னேன். கோடையில் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றினால் எல்லா மண்ணும் நல்ல மண்தான். மழையில்தான் உண்மை தெரியும்.

சாலையோரம் மேட்டில் தோண்டிய குழியில் ஊற்றிய தண்ணீர் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் இறங்கிவிட்டது. நடுக்குழியில் மறுநாள் காலையிலும் அடியில் கொஞ்சம் நின்றது. ஓடைப்பக்கக் குழியில் ஊற்றவே தேவையில்லை. தோண்டும்போதே ஊறி வந்தது.

ஓடைக்கு அந்தப் பக்கம் இன்னொருவர் தோட்டத்தில் ஆறேழு வயதான பட்டர் ஃப்ரூட் மரம் ஒன்று வாடிக்கொண்டிருந்தது. இலை சிறுத்து, வெளிறித் தொங்கியது. உச்சிக் கிளைகள் மொட்டை. அந்த நிலையிலும் கொத்தாகச் சின்னக் காய்கள். சாகப்போகும் மரம் இப்படிக் காய்ப்பதைப் பார்த்து அவர் உரம் அதிகமாக வைத்திருந்தார். மண்ணைக் கையால் விலக்கிப் பார்த்தோம். வெள்ளையாக இருக்க வேண்டிய நுனிவேர்கள் கறுத்து, விரலில் எடுத்ததும் ஒடிந்தன. ஃபைட்டோப்தோரா சின்னமோமி என்ற நோய்க்கிருமி தரும் வேரழுகலின் அடையாளம் இதுதான். பட்டர் ஃப்ரூட்டின் உணவு உறிஞ்சும் வேர்கள் மேல் இரண்டடி மண்ணுக்குள்தான் இருக்கும். தண்ணீர் நின்றால் அந்த நோய்க்கு நீந்தி வர வழி கிடைக்கிறது. வேருக்கு மூச்சும் முட்டுகிறது. அந்த மரத்துக்கு எந்த ரகப் பெயர் வைத்திருந்தாலும் அங்கே பிழைத்திருக்காது.

இதோடு ஒரு முடிவு தானாக வந்தது. ஓடைப்பக்கம் பட்டர் ஃப்ரூட் கிடையாது. எட்டு சென்ட் என்று நினைத்தது ஐந்தாகச் சுருங்கியது. வருடா வருடம் கவாத்து செய்து மரத்தை 15 அடிக்குள் வைத்துக்கொண்டால் மூன்று மரத்துக்கு இடமுண்டு, நான்காவதுக்கு இல்லை.

பழத்தை அறுத்துப் பார்த்தது (2018 ஜூலை, ஆகஸ்ட்)

மேல் வீட்டு சேச்சியின் மரம் ஜூலையில் பறிப்புக்கு வந்தது. உருண்டைப் பழம், 600 கிராமுக்கு மேல். குலுக்கினால் உள்ளே கொட்டை ஆடும் சத்தம் கேட்கும். பறித்து அரிசிப் பானையில் வைத்ததில் ஐந்தாறு நாளில் இளகியது. தோல் மெலிது, கையாலேயே உரிந்தது. சதை வெளிர்மஞ்சள், லேசான இனிப்பு, நீர்ப்பாங்கு. பாலும் சர்க்கரையும் போட்டு ஜூஸ் அடிக்க இதைவிட நல்ல பழம் கிடைக்காது. டோஸ்ட்டில் தடவினால் ஓடிவிடும். குறை வேறு இடத்தில் இருந்தது. கொட்டும் மழையிலேயே முற்றுவதால் காம்படியில் கறுப்பு விழுந்து உள்ளே இறங்குகிறது. ஆந்த்ராக்னோஸ் என்ற பூசண நோய் இது. காயில் கண்ணுக்குத் தெரியாமல் தங்கி, பழுக்கும்போது வெளியே வரும். பத்துப் பழத்தில் இரண்டு மூன்று இப்படிப் போனது. காற்றோடு மழை வந்தால் இன்னும் கொஞ்சம் தரையில்.

டீக்கடை மரத்தை முந்தைய நவம்பரிலேயே பார்த்திருந்தோம். பழம் 300 கிராம் இருக்கும். சொரசொரப்பான தடித்த பச்சைத் தோல், கத்தி வேண்டும். கொட்டை ஆடாது. சதை அடர்மஞ்சள், ஓரத்தில் பச்சை. இரு விரலுக்கு நடுவில் தேய்த்தால் எண்ணெய் பிசுக்கு ஒட்டும். நாரே இல்லை. அக்டோபர் பிற்பகுதியில் தொடங்கி பொங்கலுக்கு முன்பு வரை வேண்டும்போது பறிக்கலாம். அதுவரை மரமே வைத்துக் காக்கிறது. பட்டர் ஃப்ரூட் மரத்தில் பழுக்காது, பறித்த பிறகுதான் இளகும். ஒரு வீட்டுக்கு இதன் பயன் பெரிது. வாரம் பத்துப் பழம் பறித்தால் போதும், ஐம்பது பழத்தை ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டு தெருவெல்லாம் கொடுக்க வேண்டியதில்லை. அந்த மரத்துக்காரர் இதையெல்லாம் கணக்கில் எடுக்காமல், காய் சிறிது என்பதற்காக வியாபாரியிடம் குறைந்த விலைக்கு மொத்தமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

சர்ச் மரத்தின் பழம் நார். அதைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை.

எடுத்த முடிவும் காரணமும் (2018 ஆகஸ்ட்)

சமையலறைத் திண்ணையில் நடந்த பேச்சில் மகனும் போனில் இருந்தார். மூன்று இடங்களுக்கு மூன்று மரம் என்று பிரித்தோம்.

மேட்டில் முதல் இடம் டீக்கடை மரத்தின் ஒட்டுக்கு. மழை முடிந்த பிறகு பழம், மரத்திலேயே சேமிப்பு, ருசி என்று அந்த அம்மா கேட்ட மூன்றுக்கும் அது பதில். அதைவிடப் பெரிய காரணம், அந்த மரம் இதே மழையில் இருபது வருடத்துக்கு மேல் நின்றிருக்கிறது. எந்த விளம்பரப் பலகையும் இந்தச் சான்றிதழைத் தராது.

இரண்டாவது, மேல் வீட்டு மரத்தின் ஒட்டு. குறை தெரிந்தேதான் எடுத்தோம். அது ஏ வகை, டீக்கடை மரம் பி வகை. ஜூலைப் பழமும் கிடைக்கும். தவிர, சேச்சி வீட்டில் மாடி கட்ட அந்த மரத்தை வெட்டப் போவதாகப் பேச்சு இருந்தது. சுற்றிலும் மரங்கள் நிற்கும் ஊரில் மகரந்தத்துக்கென்று துணைமரம் வைக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். ஆனால் அடுத்தவர் மரத்தை நம்பி எத்தனை வருடம் கணக்குப் போடுவது?

மூன்றாவது இடம் மகனுக்கு. ஹாஸ் வாங்குவது என்று ஆனது. 1,000 மீட்டர் உயரம் ஹாஸுக்கு மோசமில்லை. அந்த மழைதான் சந்தேகம். மகன் அதோடு ஃபுவேர்ட்டேவும் வேண்டும் என்றார். இடமில்லை என்று சொல்லியும், சமையலறைக்குப் பக்கத்தில் நடுச்சரிவில் ஒரு மூலையை அப்பா விட்டுக்கொடுத்தார். வீட்டுக்காரர் முடிவு, நான் மேற்கொண்டு பேசவில்லை.

டி.கே.டி. 1 வேண்டாம் என்றதற்கு ரகத்தின் குறை காரணமில்லை. கீழ்ப் பழனியில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் வீடு இருந்திருந்தால் அதைத்தான் முதலில் சொல்லியிருப்பேன். கண்ணெதிரே பழத்தோடு நிற்கும் இரண்டு மரங்கள் கிடைத்த பிறகு அவ்வளவு தூரம் போகத் தேவைப்படவில்லை. கொட்டை போட்டு வளர்ப்பதை எல்லோரும் ஒருமனதாக ஒதுக்கினோம். தாயைப் போலப் பிள்ளை வராது; காய்க்க ஏழெட்டு வருடம் ஆகலாம்; கணவருக்கு அப்போதே வயது 61.

ஒட்டும் நடவும் (2018 – 2019)

ஜூலையிலேயே நாட்டுக் கொட்டைகளைப் பைகளில் ஊன்றியிருந்தோம். கொட்டை காய்ந்தால் முளைப்புத் திறன் போய்விடும் என்பதால் பழத்திலிருந்து எடுத்த இரண்டு மூன்று நாளுக்குள் ஊன்றியாயிற்று. நவம்பரில் தண்டு பென்சில் கனம் வந்தது. பக்கத்து ஊரில் மிளகுக்கும் பலாவுக்கும் ஒட்டுக் கட்டும் பையன் ஒருவரை அழைத்தார்கள். சேச்சியிடம், “ரெண்டு கொம்பு மட்டும் வெட்டிக்கட்டுமா சேச்சி?” என்று அந்த அம்மாவே கேட்டு வாங்கினார். நுனிமொட்டு உப்பி, ஆனால் இன்னும் விரியாத குச்சிகளாகப் பார்த்து எடுத்தோம். தண்டைப் பிளந்து, குச்சியை ஆப்பாகச் சீவி இறக்கி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கி, மேலே பாலித்தீன் உறை. பன்னிரண்டில் ஏழு பிடித்தது.

இந்த ஒட்டுக்கன்றுகளை உடனே நடவில்லை. அடுத்த மழை முழுவதும் வீட்டுக்குப் பக்கவாட்டில் நிழலில், பெரிய பையில், தரையிலிருந்து தூக்கி வைத்த பலகை மேல் இருந்தன. நர்சரியில் வாங்கிய இரண்டு கன்றுகள் மட்டும் 2018 செப்டம்பரில் நடப்பட்டன. ஒரு கன்று 800 ரூபாய். கழுத்தில் பெயர் எழுதிய அட்டை.

நட்ட முறை மேட்டு நடவு. குழி தோண்டி அதில் இறக்காமல், மேல்மண்ணைக் குவித்து ஒன்றரை அடி உயரம், நான்கைந்து அடி அகலத்தில் மேடு போட்டு அதன் தலையில் கன்று. மேட்டின் மேல் காய்ந்த இலை, சில்வர் ஓக் குச்சி, மரத்தூள் என்று தடிமனாக மூடாக்கு. தண்டை ஒட்டி மட்டும் ஒரு சாண் விட்டு. செப்டம்பரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், பெருமழை முடிந்திருக்கும்; வடகிழக்குப் பருவத்தின் லேசான மழை வேர் பிடிக்க உதவும்; அடுத்த ஜூனுக்கு ஒன்பது மாதம் இருக்கும்.

ஆட்டுக்காக வேலி போட்டது நடவுக்குப் பிறகுதான். பட்டர் ஃப்ரூட் இலையில் உள்ள பெர்சின் என்ற நச்சு ஆட்டுக்கு ஆகாது, மடிநோயும் இதயக் கோளாறும் வரும். இது அந்த ஊரில் பலருக்குத் தெரியாமல் இருப்பது எனக்கு ஆச்சரியம்தான், மரம் இத்தனை காலமாக இருந்தும்.

2019 ஆகஸ்ட்

அந்த ஆகஸ்ட்டில் நீலகிரியில் பெய்த மழை தெரிந்ததே. அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. கூடலூர் பக்கம் மண்சரிவு, மின்சாரம் இல்லை, சாலை இல்லை.

மேட்டிலிருந்த ஹாஸ் கன்று தப்பியது. சமையலறை மூலையில் இருந்த ஃபுவேர்ட்டே செப்டம்பரில் வெளிறி, அக்டோபரில் தொங்கிவிட்டது. பாத்திரம் கழுவும் தண்ணீரும் கூரைத் தண்ணீரும் அதன் மேட்டின் காலடியில் வந்து நின்றிருந்தன. பிடுங்கியபோது வேர்கள் ஓடைப்பக்கத்து மரத்தில் பார்த்தவை போலவே கறுத்திருந்தன. நோய் நிலத்திலேயே இருந்ததா, நர்சரிப் பை மண்ணோடு வந்ததா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. அந்த மூலையில் மறுபடி பட்டர் ஃப்ரூட் வைக்கக் கூடாது என்பது மட்டும் உறுதி. சேம்பு நட்டார்கள். அது அந்தத் தண்ணீரில் செழிப்பாக வருகிறது.

பலகை மேல் பைகளில் இருந்த ஒட்டுக்கன்றுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. செப்டம்பர் கடைசியில் அவற்றில் நல்ல இரண்டை நட்டோம். மீதியில் மூன்று அக்கம்பக்கத்துக்குப் போனது.

அட்டையில் எழுதிய பெயர் (2022)

2022 பிப்ரவரியில் ஹாஸ் நிறையப் பூத்தது. அந்த அம்மா பழையபடி காலண்டரில் குறிக்கத் தொடங்கியிருந்தார். ஒரு நாள் போன் செய்தார். “தம்பி, ஹாஸுன்னா காலையில வெள்ளைக் குத்து தெரியணும்னுதானே சொன்னீங்க? இது மத்தியானம் ஆனாத்தான் தெரியுது.”

போய்ப் பார்த்தேன். வெயில் நாள்தான், மேகத்தின் மேல் பழி போட முடியாது. காலையில் முந்தைய நாள் பூக்கள் ஆணாக நின்றன. மூன்று மணிக்குப் புதிய பூக்கள் பெண்ணாகத் திறந்தன. பி வகை. ஹாஸ் ஏ வகை. அப்படியென்றால் இது ஹாஸ் இல்லை.

இலையைக் கசக்கி மோந்தோம். மெக்சிகோ இனக் கலப்பு நன்றாக உள்ள மரங்களில் சோம்பு வாசனை வரும். ஃபுவேர்ட்டேயில் அதை உணரலாம். ஒருவேளை நர்சரியில் அட்டைகள் இரண்டும் இடம் மாறியிருக்குமோ என்ற சந்தேகத்தில்தான் பார்த்தது. வாசனை எதுவுமில்லை. ஆக ஃபுவேர்ட்டேயாகவும் இருக்க வாய்ப்பு குறைவு. மகன் நம்பவில்லை, பழம் வரட்டும் என்றார். நியாயம்தான்.

ஆகஸ்ட்டில் பழம் வந்தது. வழவழப்பான பச்சைத் தோல். பழுத்தும் பச்சையாகவே இருந்தது. ஹாஸ் பழுத்தால் கறுக்கும். சதை நீர்ப்பாங்கு, நடுவில் பழுப்பு நரம்புகள். நல்ல சாதாரண நாட்டுப் பழம். 800 ரூபாயும் நான்கு வருடமும் கொடுத்து வாங்க வேண்டியது இல்லை. விற்ற இடத்தில் கேட்டதற்கு, கன்று வெளியூரிலிருந்து மொத்தமாக வந்தது என்ற பதில் மட்டும் கிடைத்தது.

மரத்தைப் பிடுங்குவதா வேண்டாமா என்று வீட்டில் விவாதம் நடந்தது. வேர் நன்றாக இருந்தது. நான்கு மழை தாங்கிய வேர். அதனால் தலைமாற்று ஒட்டு, அதாவது மரத்தை வெட்டி அதே வேரின் மேல் வேறு குச்சி கட்டுவது என்று முடிவானது. எந்தக் குச்சியைக் கட்டுவது என்பதில் இந்த முறை நிபந்தனை போட்டார் அப்பா: பழத்தோடு மரத்தை நேரில் பார்க்காமல் குச்சி வாங்கக் கூடாது. வயநாட்டில், கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் அம்பலவயல் நிலையம் இருக்கும் பக்கம், காபித் தோட்டக்காரர் ஒருவரிடம் ஹாஸ் மரங்கள் காய்த்துக்கொண்டிருந்தன. அறுத்து, ருசித்து, தோல் கறுப்பதைப் பார்த்து, 2023 அக்டோபரில் குச்சி கொண்டு வந்தார்கள். மரத்தை இடுப்பளவில் வெட்டி, ஒரு கிளையை மட்டும் உணவு அனுப்பும் கிளையாக விட்டு, நான்கு குச்சிகள் கட்டியதில் இரண்டு பிடித்தன. வெயிலில் வெடிக்காமல் இருக்க வெட்டிய தண்டுக்குச் சுண்ணாம்பு பூசினோம்.

மற்ற இரண்டு மரங்கள்

டீக்கடை ஒட்டு 2022-இல் பூத்து ஒன்பது காய் வைத்தது. 2023-இல் நன்றாகக் காய்த்தது. 2024 நவம்பர் முதல் தை பிறக்கும் வரை வீட்டில் பழம் இருந்தது. வாரத்துக்கு ஒரு முறை, காம்போடு கத்தரித்து, தேவைக்கு மட்டும். சீக்கிரம் வேண்டுமென்றால் வாழைப்பழத்தோடு சேர்த்து மூடி வைப்பார்கள். மழை நின்ற பிறகு முற்றுவதால் காம்படிக் கறுப்பு அபூர்வம். தொல்லை குரங்கும் மலை அணிலும்தான். தோல் தடிமன் அவற்றை நிறுத்தவில்லை.

மேல் வீட்டு மரத்தை 2021-இல் வெட்டிவிட்டார்கள். அதன் ஒட்டு 2023-லிருந்து காய்க்கிறது. சேச்சிக்கு ஜூலையில் ஒரு பை போகிறது. காம்படிக் கறுப்பு தாய்மரத்தைப் போலவே இதிலும் வருகிறது. கிளைகளைத் திறந்து காற்றோட்டம் கொடுத்ததிலும், காய்ந்த குச்சிகளை அகற்றியதிலும் கொஞ்சம் குறைந்தது. அதற்கு மேல் அது ரகத்தின் குணம், மாற்ற முடியாது.

அப்பா நினைத்த வியாபாரம் பெரிதாக நடக்கவில்லை. டீக்கடை ஒட்டின் பழத்தை கூடலூரில் ஒரு பழக்கடை நல்ல விலைக்கு எடுத்தது, ஆனால் மிஞ்சியது சில கூடைதான்.

இன்னொரு வீட்டுக்கு என்றால்

இதே சரிவில் வேறொருவர் தொடங்கினால் வரிசையை மாற்றச் சொல்வேன். வேலியும் கூரைத் தண்ணீருக்கான வாய்க்காலும் கன்று வாங்குவதற்கு முன். நர்சரிக் கன்றானால் ஒரு மழைக்காலம் தரையில் வைக்காமல் பையிலேயே தனியாக நிறுத்தி, பிறகு பையைக் கிழித்து வேரின் நிறம் பார்த்து நடுவது. பூவும் பழமும் பார்த்த மரத்தின் குச்சி கிடைத்தால் நர்சரிக்குப் போகவே தேவையில்லை. முதல் வருடத்தை மரங்களைப் பார்ப்பதற்காகச் செலவிட்டதை மட்டும் மாற்ற மாட்டேன். அந்த வருடம் இல்லாவிட்டால் டீக்கடை மரம் பட்டியலிலேயே வந்திருக்காது.

சமவெளிக்காரர்கள் இந்த முடிவை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கோவை, ஈரோடு பக்கம் உப்பு போர்வெல் தண்ணீரும் ஏப்ரல் வெயிலும் இருக்கும் வீட்டில், இலை நுனி கருகாமல் நிற்பது மேற்கிந்தியத் தீவு வழி வந்த மரமாகத்தான் இருக்கும். நாங்கள் குறை சொன்ன மேல் வீட்டுப் பழம் போன்றது அங்கே முதல் தேர்வாகலாம்.

ஹாஸ் அந்த மழையில் எப்படிக் காய்க்கும் என்ற கேள்விக்கு இந்த வீட்டில் இன்னும் பதில் வரவில்லை. ஒட்டுப் பிடித்த இரண்டு கிளைகளும் ஆள் உயரம் தாண்டிவிட்டன. பூத்ததும் முதல் வேலையாக காலை பத்து மணிக்குப் பார்ப்பதாக அந்த அம்மா சொல்லியிருக்கிறார். வெள்ளைக் குத்து தெரிந்தால்தான் உணவு அனுப்பும் கிளையை வெட்டுவதாக ஏற்பாடு.